பவுடர் போட்ட ஏரி

பிளெக்ஸ் பேனரில் லில்லிக்குக் கடைசி வரிசைதான் கிடைத்திருந்தது. அதுவும் வலது மூலையில், கயிறு கட்டப் போட்ட ஓட்டை சரியாக நெற்றியில் விழுகிற இடத்தில். நடுவில் ஆள் உயரத்துக்கு நின்றவர் பிரின்சிபால் முனைவர் நவநீதன். கையில் பூதக்கண்ணாடி. தலைக்குப் பின்னால் பச்சைப் பச்சையாகக் கிருமிகள் சாமிப் படத்து ஒளிவட்டம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. ‘நுண்ணுயிர்களின் நாயகரே, வருக!’ என்று மேலே கொட்டை எழுத்து.

பூதக்கண்ணாடியில் நுண்ணுயிர் தெரியாது என்பது ரத்னமாலா கலை அறிவியல் கல்லூரியில் முதலாண்டு படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். டிசைன் போட்டவனுக்குத் தெரியவில்லை. அவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? பார்த்து ஓகே சொன்னவர் நவநீதன். ‘கண்ணாடியக் கொஞ்சம் பெருசாப் போடுப்பா’ என்றும் சொன்னாராம்.

ஆனால் கல்லூரி வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தியபடி லில்லி கொதித்தது அதற்காக அல்ல. பேனரின் அடியில் இருந்த வரிக்காக. ‘பத்தாயிரம் நுண்ணுயிர் உருண்டைகள் எறியும் மாபெரும் விழா. இடம்: தாழையேரி.’

லில்லி அந்தக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியை. பாகூர்ப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போன குடும்பம். அவள் தலைமுறையில்தான் அந்தச் சேற்றையே படிப்பாகப் படித்தார்கள். மூன்று ஆண்டுகளாக மூன்று நீர்நிலைகளின் அடிச்சேற்றை எடுத்து, அதில் எந்தெந்த நுண்ணுயிர்க் கூட்டங்கள் குடியிருக்கின்றன என்று ஆராய்ந்து வந்தாள். ஒன்று, கடலோரமாக உப்பு ஏறிப்போன ஒரு தாங்கல். இன்னொன்று, செல்லிப்பட்டுப் பக்கம் ஆற்றங்கரையில், ஒரு வருடம் வெள்ளத்தில் மூழ்கி மறுவருடம் வெடிப்பு விடுகிற குட்டை. மூன்றாவது பாகூருக்குத் தெற்கே உள்ள தாழையேரி. ஏரி என்று பேர். குளத்துக்கு அண்ணன் என்று சொல்லலாம். அதற்கு ஒரு மாற்றமும் வரவில்லை என்பதுதான் அதன் பெருமை. மற்ற இரண்டும் எவ்வளவு கெட்டுப்போயின என்று சொல்ல, கெடாத ஒன்று வேண்டும் அல்லவா? அந்த ஒன்று இதுதான்.

ஒரு பிடி சேறு என்றால் ஒரு பெரிய ஊர். ஒரு கூட்டம் உதிர்ந்த இலையைத் தின்னும், அது கழித்ததை இன்னொரு கூட்டம் தின்னும், காற்றே படாத ஆழத்தில் ஒரு கூட்டம் கந்தகத்தை வைத்துப் பிழைக்கும். தண்ணீரில் உப்பு ஏறினால் யார் முதலில் காலி பண்ணுகிறார்கள், யார் அந்த வீட்டில் குடியேறுகிறார்கள் என்பதுதான் லில்லியின் கேள்வி. மாசி மாதத்துச் சேறு இன்னும் ஒரே ஒரு முறை எடுத்துவிட்டால் போதும். அவளிடம் பி.எச்டி. செய்கிற ப்ரீத்தியின் ஆய்வேடும் முடிந்துவிடும்.

நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனாள்.

“சார், தாழையேரியில உருண்டை எறியப் போறீங்களாமே?”

“எறியப் போறோம்னு சொல்லுங்கம்மா. நீங்கதான் உருண்டைக் கமிட்டி கன்வீனர்.”

“நானா? எப்பலேந்து?”

“நேத்து சாயங்காலத்துலேந்து. சர்க்குலர் வரலியா?” நவநீதன் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். “தரச்சான்று குழு வருதும்மா. ‘உங்க காலேஜ் ஊருக்கு இன்னா செஞ்சுது’ன்னு கேப்பாங்க. நாம ஏரியவே சுத்தம் பண்ணிக் காட்டறோம். களிமண்ணு, தவிடு, வெல்லம், அப்புறம் கேன்ல விக்கிற நுண்ணுயிர்க் கரைசல். உருட்டி, காய வெச்சு, எறிஞ்சா ஏரி பளபளன்னு ஆயிடும்.”

“வேற ஏரியே கெடைக்கலியா சார்? ரிசர்ச் நடக்கறது அங்க.”

“அதனாலதான அந்த ஏரி!”

“அங்க இன்னா இருக்குன்னு பாக்கத்தான் சார் போறேன். வெளியிலேந்து எதையாச்சும் கொண்டாந்து கொட்டினா, எது ஏரியோடது, எது கேன்ல வந்ததுன்னு எப்படிச் சொல்றது?”

“நீங்க படிக்கறது மைக்ரோப். நாங்க போடறதும் மைக்ரோப். எக்ஸ்ட்ரா கெடைக்குதேன்னு சந்தோஷப்படுவீங்களா, சண்டைக்கு வரீங்களே.”

“தெருவுல எத்தினி பேரு இருக்காங்கன்னு கணக்கெடுக்கப் போறப்போ, நாலு லாரி ஆளக் கொண்டாந்து எறக்கிட்டு, ‘இந்தா எண்ணிக்கோ’ன்னு சொல்ற மாதிரி இருக்கு சார்.”

“அருமையான உதாரணம்!” என்றார் நவநீதன், மனசார. “இத மேடையில சொல்லுங்க. உங்களுக்கு ரெண்டு நிமிஷம் ஒதுக்கியிருக்கு.”

நவநீதன் டாக்டர் பட்டம் வாங்கியது கூட்டுறவுச் சங்க நிர்வாகத்தில். ஆனால் அந்தக் கல்லூரியில் இயற்பியலோ, தமிழோ, நுண்ணுயிரோ, உடற்கல்வியோ, யார் எந்த ஆய்வுக் கட்டுரை எழுதினாலும் முதல் பெயர் அவருடையதாகத்தான் இருக்கும். அது அங்கே முறை. புதுக் கட்டுரை என்றால் கோயில் பிரசாதம் மாதிரி முதலில் அவர் கையில் கொடுக்க வேண்டும். படிக்க மாட்டார். ‘உங்க மேல எனக்கு நம்பிக்கை’ என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். இப்படியே கபடியில் ஒன்று, கல்வெட்டில் இரண்டு, காந்தப்புலத்தில் நான்கு என்று அவர் பெயரில் கட்டுரைகள் பெருகிக்கொண்டே போயின.

கத்திக் கத்திக் கடைசியில் லில்லிக்குக் கிடைத்தது ஒரே ஒரு சலுகை. விழா அன்று விடியற்காலையில் அவளும் ப்ரீத்தியும் போய் வழக்கமான மதகு மூலையில் சேறு எடுத்துக்கொள்ளலாம். அதுவரை ஏரியில் யாரும் கைவைக்கக் கூடாது. உருண்டை அதற்குப் பிறகுதான்.

“வாக்கு,” என்றார் நவநீதன், நெஞ்சில் கைவைத்து.

அப்போது எஸ்டேட் மேனேஜர் பாக்யராஜ் உள்ளே வந்தார். கல்லூரியில் பந்தல், நாற்காலி, பொன்னாடை, சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். அவரோடு அதுதான் தொல்லை.

“பாக்யராஜ், போன வாரம் போய்ப் பாத்தேன். மதகு மூலையில ஒரு நாத்தம் அடிக்குது. அழுகின முட்ட மாதிரி. கெஸ்ட்டுங்க வர்ற அன்னிக்கு அது இருக்கக் கூடாது.”

“அது சேத்து வாசன சார்,” என்றாள் லில்லி. “அடியில இருக்கற உயிருங்க மூச்சு வுடற வாசன. அது வந்தாத்தான் ஏரி நல்லாருக்குன்னு அர்த்தம்.”

“செரி செரி,” என்றார் நவநீதன். அந்த ‘செரி’ யாருக்குச் சொன்னது என்று லில்லி கேட்டிருக்க வேண்டும்.

*

அடுத்து வந்த நாட்களில் லில்லியால் ஏரிப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. உருண்டைக் கமிட்டி கன்வீனர் என்றால் சும்மாவா? நுண்ணுயிரியல் லேபில் தார்ப்பாய் விரித்து, மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து தவிட்டையும் களிமண்ணையும் பிசைந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். மைக்ராஸ்கோப்களை எல்லாம் தாழ்வாரத்தில் வைத்திருந்தார்கள். ஒரு பையன் உருண்டையில் மூக்கும் முழியும் வைத்து, “மேம், பிரின்சிபால் சார் மாதிரியே இருக்காருல்ல?” என்று காட்டினான். உண்மையிலேயே கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. லில்லி சிரிக்கவில்லை.

ஜன்னலோரம் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் தாழையேரியில் எடுத்த சேறு. மூடி போட்டு வெயில் படுகிற இடத்தில் வைத்ததோடு சரி. அதற்குள்ளேயே மேலே பச்சை, நடுவில் ஊதா, அடியில் கருப்பு என்று அடுக்கடுக்காக உயிர்கள் தங்களுக்குள் இடம் பிரித்துக்கொண்டு வாழ்ந்தன. மேற்பார்வைக்கு வந்த நவநீதன் அதைப் பார்த்து, “ஊறுகா கெட்டுப்போச்சு போல, தூக்கிப் போடுங்கம்மா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

விழா அன்று விடிந்தும் விடியாததுமாக லில்லியும் ப்ரீத்தியும் ஐஸ் பெட்டி, பிவிசி பைப், சாம்பிள் பாட்டில்களோடு தாழையேரிக்கு வந்து சேர்ந்தார்கள். கரைக்கு ஏறும்போதே ப்ரீத்தி மூக்கைச் சுளித்தாள்.

“மேம், ஸ்விம்மிங் பூல் வாசனை வருது.”

கரைமேல் பாதையின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. தலைவர்கள் வரும்போது ரோட்டோரம் போடுவார்களே, அதே பிளீச்சிங் பவுடர் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. பந்தலைச் சுற்றி வட்டமாகக் கோடு. படிக்கட்டில் கோடு. அந்தக் கோடு படியிறங்கித் தண்ணீருக்குள்ளும் போயிருந்தது. மதகு மூலையில் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்துக் கிடந்தது.

பாக்யராஜ் புதுச்சட்டையில் ஓடிவந்தார். “குட் மார்னிங் மேடம்! எப்படி இருக்கு பாருங்க, கல்யாண வூடு கணக்கா!”

“இன்னா பாக்யராஜ் இது?”

“பவுடர் மேடம்.”

“ரோட்டுக்குப் போட்டீங்க, செரி. தண்ணி ஏன் வெளுத்துக் கெடக்குது?”

“நாத்தம் வரக் கூடாதுன்னு சார் சொன்னாரு இல்ல? நாத்தம் தண்ணியிலேந்துதான வருது, ரோட்டுல போட்டா போவுமா? நீங்களே சொல்லுங்க. அதான் நேத்து சாயங்காலம் உள்ளயே எறக்கிட்டேன். ஆறு மூட்ட. பசங்கள வுட்டு மூங்கிக் கம்பால கலக்கவும் சொன்னேன். இப்ப மோந்து பாருங்க. முட்ட நாத்தம் சுத்தமா இல்ல.”

லில்லி மோந்து பார்த்தாள். சுத்தமாக இல்லைதான்.

கோபம் வந்தால் அவளுக்குப் பேராசிரியைப் பேச்சு கழன்று, பிறந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும். ஆனால் அவள் முதலில் கத்தவில்லை. ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

“இன்னிக்கு இன்னா விழா பாக்யராஜ்?”

“நுண்ணுயிர் விழா மேடம்.”

“நுண்ணுயிர்னா இன்னா?”

“கிருமி.”

“பிளீச்சிங் பவுடர் எதுக்குப் போடறது?”

“கிருமி சாவறதுக்கு.” சொன்ன பிறகு பாக்யராஜ் ஒரு கணம் நின்றார். நெற்றி சுருங்கியது. அப்புறம் தெளிந்தது. “அது வேற கிருமி மேடம். நம்மளது பத்திரமா உருண்டைக்குள்ள இருக்குது. நம்மளது காலேஜ் கிருமி.”

“யோவ்!” என்றாள் லில்லி. கரையில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். “மூணு வருஷம்யா! அந்த மூலையில இருந்த சேறு எத்தினி காலமா உருவாச்சுன்னு எனக்கே தெரியாது. யாரும் கைய வெக்காத ஒரு மூலை. நீ ஒரு சாயங்காலத்துல கம்பால கலக்கியிருக்க! வாக்கு குடுத்தாரே அந்தாளு, நெஞ்சில கைய வெச்சு!”

“ஏரியில யாரும் கை வெக்கலியே மேடம்,” என்றார் பாக்யராஜ் பரிதாபமாக. “கம்பாலதான…”

ப்ரீத்தி படியில் உட்கார்ந்துவிட்டாள். பைப்பை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளைத் தண்ணீரையே பார்த்தாள். “மேம், என் தீசிஸ்,” என்றாள் கடைசியில்.

அதற்குப் பதில் சொல்வதற்குள் மதகுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. அம்சவள்ளி. அவளும் அவளுடைய மகளிர் குழுவும் அந்த மூலையில் வலைக்கூண்டு கட்டி மீன் குஞ்சு வளர்த்தார்கள். விரல் நீளம் வந்ததும் ஏரியில் விடுவார்கள். காலைத் தீனி போட வந்தவள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். மற்ற மீன்கள் ஆழத்துக்கு ஓடித் தப்பியிருக்கலாம். வலைக்குள் இருந்த குஞ்சுகள் எங்கே ஓடும்? வயிற்றைக் காட்டி மிதந்தன, ஒரு வெள்ளிப் பாய் விரித்த மாதிரி.

அவள் லில்லியைப் பார்த்தாள். பிறகு பந்தல் காலிலும் கட்டியிருந்த அதே பேனரைப் பார்த்தாள். பிறகு மறுபடி லில்லியை.

“ஏன் டீச்சர், உன் மூஞ்சிதான அதுல கீது?”

“அக்கா, நான் இதச் செய்யல.”

“மூணு வருசமா வந்து மண்ண நோண்டினு போற. நல்லதுக்குத்தான்னு நெனச்சு டீ வாங்கிக் குடுத்தேன். பைப்பு மாட்டிக்கினா நானே எறங்கி இழுத்து வுட்டேன். இதுக்குத்தானா நோண்டின?”

“இல்லக்கா…”

“மூஞ்சி அங்க கீது. நீ இங்க கீற. வேற யார நான் கேக்கறது?”

லில்லி பேனரை நோக்கித் திரும்பினாள். நெற்றியில் ஓட்டையோடு சிரித்துக்கொண்டிருந்த தன் முகத்தைப் பார்த்தபோது, அதை எட்டிக் கிழிக்க வேண்டும் போல் இருந்தது. உயரம் எட்டவில்லை. ஐஸ் பெட்டியைத் திறந்தாள். “ப்ரீத்தி, எழுந்திரு. செத்த சேறா இருந்தாலும் எடு. எல்லா இடத்துலயும் எடு.”

*

விழா நேரத்துக்குத் தொடங்கவில்லை. அதில் மட்டும் வழக்கத்துக்கு மாறாக எதுவும் நடக்கவில்லை. தரச்சான்றுக் குழுத் தலைவர் வடக்கிலிருந்து வந்தவர், ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர். குத்துவிளக்கு ஏற்றினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவருக்குப் போர்த்தப்பட்டவர் திருப்பிப் போர்த்தினார். நவநீதன் மைக்கைப் பிடித்து, தாம் சிறுவயதிலிருந்தே நுண்ணுயிர்கள்மீது கொண்ட பாசத்தைப் பற்றிப் பேசினார். சிறுவயதில் அவருக்கு அம்மை போட்டதைத் தவிர வேறு ஆதாரம் எதுவும் அதில் இல்லை.

லில்லியின் இரண்டு நிமிடம் வந்தது. அவள் மேடையேறும்போது கையில் ஒரு கண்ணாடி டம்ளரில் ஏரித் தண்ணீரும், ஒரு சின்னச் சொட்டு பாட்டிலும் இருந்தன.

“இது குடிதண்ணி டேங்க்ல குளோரின் பாக்கற மருந்து,” என்றாள். சொட்டினாள். தண்ணீர் மஞ்சளாகி, கண்ணெதிரே ஆரஞ்சு நிறமானது. “நேத்து இந்த ஏரிக்குள்ள ஆறு மூட்ட பிளீச்சிங் பவுடர் கொட்டியிருக்காங்க. உங்களுக்கு நாத்தம் அடிக்கக் கூடாதுன்னு. கீழ இருந்த உயிரெல்லாம் செத்துக்கிட்டு இருக்கு. அதுமேல நின்னு நாம இப்ப உயிர் உருண்டை எறியப் போறோம்.”

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. மேடையில் யார் பேச்சை நிறுத்தினாலும் தட்ட வேண்டும் என்று பாக்யராஜ் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார்.

தமிழ் தெரியாத குழுத் தலைவர் நவநீதன் பக்கம் சாய்ந்தார். நவநீதன் மைக்கிலேயே ஆங்கிலத்தில் விளக்கினார்: ஏரித் தண்ணீர் நிறம் மாறுவதைப் பேராசிரியை நிரூபித்துக் காட்டினார், உருண்டை போடும் முன்பே நுண்ணுயிர்கள் உற்சாகமாக வேலையைத் தொடங்கிவிட்டன. மறுபடி கைதட்டல்.

லில்லி இறங்கவில்லை. நேராகத் தலைவர் எதிரில் போய் நின்று, நடந்ததை ஆங்கிலத்தில், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள். குளோரின், கலக்கிய சேறு, செத்த குஞ்சுகள் எல்லாம். அவர் முழுதும் கேட்டார். புரியவும் செய்தது, அது அவர் கண்ணில் தெரிந்தது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானத்துக்குள் இன்னொரு கல்லூரிக்குப் போக வேண்டுமாம். “‘மேம்பாட்டுக்கு வாய்ப்புள்ளவை’ என்ற தலைப்பில் குறித்துக்கொள்கிறோம்,” என்று சொல்லிவிட்டு, உருண்டை எறியக் கையுறை மாட்டிக்கொண்டார்.

நவநீதனிடம்கூட அவளுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. புரியாதவன் செய்வதாவது ஒரு கணக்கு. இவர் புரிந்துகொண்டு கையுறை மாட்டுகிறார்.

அந்த நேரத்தில் அம்சவள்ளி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். இடுப்பில் அன்னக்கூடை நிறையச் செத்த குஞ்சுகள். மேடை முன்னால் அதைத் தொப்பென்று வைத்தாள். படம் எடுக்கிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நவநீதனுக்கு இது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்பது தெரியும். ஆனால் கேமரா திரும்பிய இடத்தில் அவர் சும்மா நின்றதாகச் சரித்திரமே இல்லை. மிச்சமிருந்த பொன்னாடை ஒன்றை உதறிக்கொண்டு இறங்கினார்.

“ஏரியின் செல்வத்தைக் காணிக்கையாகக் கொண்டுவந்திருக்கும் இந்தத் தாய்க்கு…” என்று சொல்லி, அவள் தோளில் போர்த்தினார்.

அம்சவள்ளி அந்தத் துணியைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“இன்னாய்யா துணி போத்தற? செத்தது நானா?”

மைக் பக்கத்தில் இருந்ததால் அது நான்கு ஸ்பீக்கரிலும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் மட்டும், பேச்சு நின்றுவிட்டதால், கைதட்டினார்கள். அவள் பொன்னாடையை உருவி அன்னக்கூடையின்மேல் போர்த்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

குழுத் தலைவர் முதல் உருண்டையை எறிந்தார். அது கரையோரச் சகதியில் சொத்தென்று விழுந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

*

கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்தது. இனிப்பு கொடுத்தார்கள். லில்லி தொடவில்லை. நவநீதன் அவளை அழைத்துச் சமாதானம் பேசினார்.

“சின்ன விஷயம்மா. அந்த ஊறுகா ஜாடி வெச்சிருக்கீங்களே, அந்த ஏரி மண்ணுதான அது? அத திருப்பி ஊத்திட்டா போச்சு. ‘தாய் ஏரிக்குத் திரும்பிய உயிர்கள்’னு ஒரு சின்ன பங்ஷன் வெச்சிக்கலாம்.”

“சார்,” என்றாள் லில்லி. “இன்னொரு வார்த்த பேசினீங்கன்னா அந்த ஜாடிய உங்க டேபிள் மேல ஊத்திடுவேன்.”

அதற்குப் பிறகு அவர் ஜாடிப் பேச்சை எடுக்கவில்லை.

லில்லியும் ப்ரீத்தியும் மாதா மாதம் தாழையேரிக்குப் போனார்கள். மாறாத ஏரி என்ற பழைய ஆய்வு செத்துவிட்டது; இனி மாற்றப்பட்ட ஏரிதான் ஆய்வு. எந்தக் கூட்டம் முற்றாக அழிந்தது, எது ஒளிந்து பிழைத்தது, காலியான வீட்டில் எந்த முரட்டுக் கூட்டம் குடியேறியது என்று பார்த்தார்கள். கேனில் வந்த ‘காலேஜ் கிருமி’ ஒரு மாதம்கூட அங்கே தங்கவில்லை. அம்சவள்ளி வேறு மூலையில் வலை கட்டிக்கொண்டாள். லில்லி வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தாள். பைப் மாட்டிக்கொண்டால் இப்போது யாரும் இறங்கி இழுத்துவிடவில்லை.

கட்டுரை தயாரானதும் லில்லி அதைப் பிரின்சிபால் அறைக்கு எடுத்துப் போனாள்.

“சார், தலைப்பைத் தமிழ்ல சொல்றேன். ‘வரவேற்பு விழாவுக்காகக் கொட்டப்பட்ட பிளீச்சிங் பவுடர், ஒரு நன்னீர் ஏரியின் சேற்று நுண்ணுயிர்க் கூட்டங்களை அழித்த விதம்.’ நம்ம விழாதான் சார் அது.”

“விழாவும் உள்ள வந்திருக்கா! பேஷ்.”

“நீங்கதான் நாத்தம் இருக்கக் கூடாதுன்னு சொன்னதுன்னும் இருக்கு.”

“சுத்தத்துல நான் எப்பவும் கறார்னு தெரியட்டும்.”

“சார், ஒரு தடவ முழுசாப் படிச்சிடுங்க. வேணும்னா உங்க பேர எடுத்துடறேன். அதான் உங்களுக்கு நல்லது.”

நவநீதனின் முகம் அப்போதுதான் கறுத்தது. “எம் பேர எடுக்கறதா? வெளிநாட்டு ஜர்னலாமே இது? மொத பேரு எனுதுதான். அது இங்க முறை.” கையெழுத்தைப் போட்டார். “உங்க மேல எனக்கு நம்பிக்க இருக்கும்மா.”

*

கட்டுரை வெளிவந்தபோது மழைக்காலம் முடிந்து தை பிறந்திருந்தது. அன்று மதகு மூலையில் ப்ரீத்தி பைப்பை அழுத்திச் சேற்றை உருவினாள். உருவியவள் அப்படியே நின்றாள்.

“மேம். மோந்து பாருங்க.”

லில்லி குனிந்தாள். லேசாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி, அழுகின முட்டை நாற்றம். அவள் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் இழுத்தாள். இருந்தது. ஆழத்தில் எங்கோ பிழைத்துக் கிடந்தவர்கள் மறுபடி அடுப்பு மூட்டியிருந்தார்கள்.

கரையில் ஒரு மினி வேன் வந்து நின்றது. பாக்யராஜ் இறங்கினார். பின்னால் பந்தல் கம்புகள், சுருட்டிய பேனர், நான்கைந்து வெள்ளைச் சாக்கு மூட்டைகள்.

“நல்லவேள, இங்கயே இருக்கீங்க மேடம்! நாளைக்கு இங்கதான் பாராட்டு விழா. வெளிநாட்டு ஜர்னல்ல சார் கட்டுரை வந்திருக்குல்ல? அது இந்த ஏரியப் பத்திதானாம். அதனால இங்கயே வெச்சிக்கலாம்னுட்டாரு.” மூக்கை உறிஞ்சினார். “அய்யய்ய, திரும்பவும் நாத்தம் கெளம்பிடுச்சே. கவலப்படாதீங்க, பவுடர் கொண்டாந்திருக்கேன்.”

பேனரை விரித்துக் காட்டினார். நவநீதன் பக்கத்தில் கட்டுரையின் முதல் பக்கம், ஆள் உயரத்துக்கு. ஆங்கிலம் தெரிந்த எவரும் பத்தடி தூரத்தில் நின்று படிக்கலாம்.

பாக்யராஜ் ஒரு மூட்டையை இறக்கிப் படிக்கட்டில் வைத்தார். அடுத்ததை எடுக்கத் திரும்புவதற்குள் லில்லி சேறு வழியும் காலோடு ஏறிவந்து அந்த மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

“எடுத்துப் பாரு.”

“மேடம்…”

“தொட்டுப் பாருன்றேன்.” கையில் பைப் இருந்தது, அதன் நுனியிலிருந்து கருஞ்சேறு பாக்யராஜின் வெள்ளைச் சட்டைக்கு ஒரு சாண் தூரத்தில் சொட்டியது. “வேன்ல இருக்கறதும் கீழ எறங்கக் கூடாது.”

சத்தம் கேட்டு அம்சவள்ளி அந்த மூலையிலிருந்து வந்தாள். மூட்டையைப் பார்த்தாள். ஒரு வருடமாகப் பேசாதவள் பேசினாள். “இன்னா டீச்சர், மறுபடியுமா?”

“மறுபடியும்தான்க்கா. அவங்க இந்த ஏரிய எப்படிச் சாகடிச்சாங்கன்னு எழுதினேன். எழுதினதுக்குப் பாராட்டு விழாவாம். அதுக்கு மறுபடி சாகடிக்கப் போறாங்களாம்.”

“எழுதினியா? அவரு பேரு போட்டா?”

“மொத பேரே அவருதான். தலைப்பப் படிச்சுக்கூடக் காட்டினேன். பேர எடுத்துடறேன்னேன், கோச்சிக்கினாரு.”

அம்சவள்ளி பேனரில் இருந்த நவநீதனையும் அந்த ஆங்கிலப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிக்கத்தான் போகிறாள் என்று ப்ரீத்தி நினைத்தாள். அவள் சிரிக்கவில்லை. வேனுக்குப் போய், பின்கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

பாக்யராஜ் தள்ளிப்போய்ப் போன் போட்டார். கொஞ்ச நேரம் ‘சார், சார்’ என்று திணறிவிட்டு, போனைக் கொண்டுவந்து லில்லியிடம் நீட்டினார்.

“என்னம்மா, இன்னா பிரச்சனை?” என்றது நவநீதனின் குரல். “விழாவே உங்களுக்கும் சேத்துத்தான. ரெண்டு நிமிஷம் உங்களுக்கு ஒதுக்கியிருக்கு.”

“வாங்க சார், விழாவ வெச்சிக்கலாம்,” என்றாள் லில்லி. “பவுடர் இல்லாம. இந்த நாத்தத்துலயே. ரெண்டு நிமிஷம் போதாது. உங்க கட்டுரைய நான் முழுசாப் படிக்கப் போறேன், தமிழ்ல. இந்த ஊரு மொத்தமும் உக்காந்து கேக்கும். இந்தத் தடவ மொழிபெயர்க்க நீங்க வேணாம்.”

ஒரு வருடத்தில் முதல்முறையாக நவநீதன் கேட்டார்.

“அதுல… அப்படி இன்னாம்மா எழுதியிருக்கு?”

லில்லி போனை பாக்யராஜிடம் கொடுத்துவிட்டு, மூட்டைமேல் இன்னும் நன்றாக அழுந்தி உட்கார்ந்தாள்.